மறு: குயில்ட் கரையின் இறகு வடிவம்: ‘இறகுப் பின்னல்’ அன்று, ‘இறகு வடம்’

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைத்த மெத்துப் போர்வையான குயில்ட்டின் கரையில் இரண்டு அலைக்கோடுகள் ஒன்றையொன்று கடந்து ஓட, அவற்றின் வெளிப்புறத்தில் இறகுகள் வரிசையாகக் கிளைக்கும் வடிவத்துக்கு ‘இறகுப் பின்னல்’ என்ற சொல் குழுமத்தின் இந்த உரையாடலில் முன்மொழியப்பட்டுள்ளது. கேட்க இனிய சொல்தான். ஆயினும் தையல் கற்பிப்பவர் கையில் அது நிற்காது, ‘இறகு வடம்’ என்பதே நிற்கும் என்று கருதுகிறேன். பின்னல் என்றதும் கம்பளி நூலும் கூடையும் சடையும் நினைவுக்கு வருகின்றன. அவை எல்லாவற்றிலும் நூலோ நாரோ உண்மையாகவே மேலும் கீழும் போய்வருகிறது. குயில்ட்டிங்கில் எதுவும் பின்னப்படுவதில்லை. மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையலே கோடாகத் தெரிகிறது. ஒரு கோடு மற்றதன் அடியில் போவதுபோல் தோன்ற வேண்டுமானால், கடக்கும் இடத்தில் தையலை நிறுத்தி, ஊசியைப் பஞ்சுக்குள்ளேயே நடத்தி, அப்பால் வெளியே எடுத்துத் தொடர்கிறோம். பின்னல் என்று சொல்லிக் கொடுத்தால், புதிதாக வருபவர் எதை எதனுள் நுழைப்பது என்றுதான் முதலில் கேட்பார்.

இங்கே பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் அறுகோணத் துணுக்குகளை இணைத்துத் தைக்கும் ‘தாப்பி மாந்தியான்’ பழைய வழக்கம். சிலாவோஸ் மலையூரின் எம்பிராய்டரியும் பேர்பெற்றது. ஆகவே துண்டு சேர்ப்பதையும் ஊசியையும் பற்றி நம் தமிழ்ப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியது குறைவு. அவர்களுக்குப் புதிதாக இருப்பது, துணியில் வண்ணம் எதுவும் இல்லாமல் தையல் கோட்டின் பள்ளமும் மேடுமே வடிவமாகத் தோன்றும் இந்த முறை. அந்தக் கோடுகளின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் வேண்டும். பிரெஞ்சில் முறுக்கைச் சுட்டும் ‘தோர்சாத்’ வழங்குகிறது. அது மொத்த வடிவத்துக்குப் போதும், பகுதிகளுக்கு உதவாது.

‘வடம்’ என்பதை நான் வற்புறுத்துவது, முறுக்கிய கயிற்றின் ஒவ்வோர் இழையையும் குறிக்கும் ‘புரி’ அதனோடு சேர்ந்து வருவதால்தான். முப்புரி நூல் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். இரண்டு கோடுகள் ஓடினால் இருபுரி இறகு வடம். மூன்று ஓடினால் முப்புரி இறகு வடம். ஒரே அலைக்கோட்டின் இருபுறமும் இறகு விரியும் வடிவத்தில் கடப்பதற்கு இன்னொரு புரி இல்லாததால் அதை வடம் என்பது பிழை. சேலைக் கரையில் ஓடும் கொடியை அறியாதவர் இல்லை. அதற்கு ‘இறகுக் கொடி’ பொருந்தும். வட இங்கிலாந்தின் டர்ஹம், நார்தம்பர்லாந்துப் பகுதிகளின் பழைய குயில்ட்டுகளில் வடமும் உண்டு, இறகும் உண்டு; இரண்டையும் பிரித்துச் சொல்லச் சொற்கள் இருந்தால்தான் அவற்றைத் தமிழில் விளக்க முடியும்.

புரிகள் சந்திக்கும் இடத்துக்குக் ‘கடவு’ என்றும், ஒரு கடவிலிருந்து அடுத்த கடவு வரையுள்ள பகுதிக்குச் சங்கிலியின் வளையத்தைக் குறிக்கும் ‘கண்ணி’ என்றும் பெயரிடலாம். கரையை அளக்கும்போது இச்சொற்களின் பயன் தெரியும். மூலைகள் நீங்கலாக நீளப்பக்கம் 192 செ.மீ., விரும்பும் கண்ணி 20 செ.மீ. என்று கொள்வோம். 9 கண்ணி போட்டால் 12 செ.மீ. மிஞ்சும், அந்த மிச்சத்தைக் கடைசிக் கண்ணியின் தலையில் கட்டினால் மூலை கோணிவிடும். ஆகவே 10 கண்ணியாக்கி ஒவ்வொன்றையும் 19.2 செ.மீ. ஆக்க வேண்டும். அகலப்பக்கம் 158 செ.மீ. எனில் 8 கண்ணி. அந்த நீளத்துக் காகிதப் பட்டையை மும்முறை பாதியாக மடித்தாலே 19.75 செ.மீ. கிடைத்துவிடும். இரு பக்கங்களுக்கும் இடையே கண்ணிக்கு 5.5 மி.மீ.தான் வேறுபாடு, அது கண்ணுக்குத் தெரியாது. மூலையை முதலில் வரைந்துகொண்டு, பிறகே பக்கங்களைப் பங்கிட வேண்டும்.

இன்னொரு நயமும் உண்டு. எதிரெதிர்ப் பக்கங்களில் கண்ணிகள் சமமாகவும் நான்கு மூலைகளும் ஒன்றுபோலவும் இருந்தால், கடவுகளின் மொத்தம் எப்போதும் இரட்டைப்படையாகவே வரும். ஒவ்வொரு கடவிலும் புரிகள் பக்கம் மாறுகின்றன; மாற்றங்கள் இரட்டைப்படை என்பதால் இருபுரி வடத்தின் ஒவ்வொரு புரியும் கரையைச் சுற்றித் தான் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. வேண்டுமானால் இரண்டுக்கும் இரு நிற நூல் எடுக்கலாம். மொத்தம் ஒற்றைப்படையானால் இரண்டும் ஒரே கோடாகிவிடும். சிக்குக் கோலம் போட்டுப் பழகிய கை இதை உடனே புரிந்துகொள்ளும்.

இறகின் ஒவ்வொரு வளைவுக்கும் ‘இதழ்’ என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். இதழ்கள் ஒரு மையத்தைச் சுற்றி நிற்பவை. இங்கே வளைவுகள் ஒரு தண்டின், அதாவது அலைக்கோட்டின், ஓரமாக, ஒரே திசையில் சாய்ந்து அடுக்கப்படுகின்றன. ஆதலால் தாழையை நினைத்து ‘மடல்’ என்பதே சரி. மடல்களின் தலையை வரைய நாணயம் போதும். தண்டுக்கு இணையாக 4 செ.மீ. தள்ளி ஓர் எல்லைக்கோடு இட்டு, அதைத் தொடும்படி நாணயத்தை அடுத்தடுத்து வைத்து வரைந்துகொண்டு, ஒவ்வொரு தலையிலிருந்தும் கோட்டை வளைத்துத் தண்டில் சேர்க்க வேண்டும். கண்ணியின் உச்சியில் 23.25 மி.மீ. விட்டமுள்ள 1 யூரோ நாணயமும், மடல்கள் சிறுக்க வேண்டிய கடவுக்கு அருகே 19.75 மி.மீ. விட்டமுள்ள 10 சென்ட் நாணயமும் எங்களுக்கு எளிதில் கிடைப்பவை. மடல் தண்டைச் செங்குத்தாக முட்டினால் இறகின் ஓட்டம் செத்துவிடும். சற்றுத் தூரம் தண்டை ஒட்டியே சென்று கலக்க வேண்டும்.

தண்டுக்கு ‘நரம்பு’ என்ற மாற்றுச் சொல்லும் வந்தது. நரம்பு இலைக்குள் இருப்பது, இறகுக்குத் தண்டுதான். மேலும், முதலில் தைக்கப்படுவதும் மூன்று அடுக்குகளையும் கரை நெடுகப் பிடித்து நிறுத்துவதும் அதுவே என்பதால், தாங்கும் பொருள் தரும் சொல்லே வேண்டும்.

எஞ்சியிருப்பது ஒரு சொல். எந்திரத்தில் தைக்கும்போது, ஒரு மடலை முடித்து அடுத்ததற்குப் போக, தைத்த கோட்டின் மேலேயே சிறிது தூரம் திரும்பத் தைக்கிறோம். கோடு தடிக்காதிருக்க அதற்கு மெல்லிய நூல் எடுக்கிறோம். இச்செயலுக்கு ‘மறுதடம்’ என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன். எந்திரத்தில் தைத்துப் பழகியவர்கள் இதைவிட நல்ல சொல் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
சேந்த்-ஆந்த்ரே, ரியூனியன்