கிரிமினல் கேஸ் நடத்தும் நம்ம வக்கீல்கள் யாராவது இருக்கீங்களா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மும்பை தாராவியிலிருந்து எழுதுறேன். தங்கச்சி சட்டம் முடிச்சு பார் கவுன்சில்ல பதிவும் பண்ணிட்டா. கம்பெனி வேலை வேண்டாமாம், கிரிமினல் பக்கம்தான், அதுவும் குற்றம்சாட்டப்பட்டவங்களுக்காகத்தான் வாதாடுவேன்னு நிக்கிறா. அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறல, "திருடனுக்கா பேசப் போறே?"ன்னு தினமும் ஒரு பாட்டு.

எங்க வீட்டுல வக்கீல் பரம்பரையெல்லாம் கிடையாது. பிரபல கிரிமினல் வக்கீல் ராம் ஜேத்மலானி 17 வயசுல சட்டப் பட்டம் வாங்கி, பிரிவினைக்கப்புறம் அகதியா இந்த ஊருக்கு வந்துதான் பேர் எடுத்தார்னு அவளே எனக்குப் பாடம் நடத்துறா. சரி, ஆனா அவர் அப்பாவும் தாத்தாவும் வக்கீல்கள் ஆச்சே!

ஃபோர்ட் செஷன்ஸ் கோர்ட்ல ஜூனியரா சேர்த்துக்கிற நல்ல சீனியர் யாராவது தெரியுமா? ஜாமீன் மனு எழுதறதோட நிறுத்தாம குறுக்கு விசாரணையும் கத்துக்கொடுக்கணும். நகரத்துல ஜூனியருக்கு மாசம் 20,000 ரூபாய் கொடுக்கணும்னு பார் கவுன்சில் 2024-ல பரிந்துரைச்சுது; நிஜத்துல எவ்வளவு கிடைக்குது? மாஜிஸ்திரேட் கோர்ட்ல மராத்தி இல்லாம ஓட்ட முடியுமா? அவளுக்குப் பேச வரும், எழுத்துதான் தடுமாறுது.

இலவச சட்ட உதவியில உதவி டிஃபென்ஸ் கவுன்சில் (குற்றம்சாட்டப்பட்டவங்களுக்காக வாதாடற வக்கீல்) வேலைக்கு மூணு வருஷத்துக்குள்ள அனுபவம் உள்ளவங்களையும் எடுக்கிறாங்க. அதுல இருந்தவங்க இருந்தா கண்டிப்பா சொல்லுங்க. பெண் வக்கீல்கள் பேசினா இன்னும் நல்லது, அம்மாவையும் பக்கத்துல உட்கார வெச்சுக் கேட்க வைக்கலாம்.