மிதித்தால் எரியாது, விட்டால் அணையாது: பிரேக் லைட் சுவிட்ச் மாற்றியவர்களின் அனுபவங்கள்

காசிமேடு, மீன் ஏற்றும் பிக்கப்

தன் வண்டியில் பிரேக் லைட் எரியவில்லை என்பது ஓட்டுகிறவனுக்குத்தான் கடைசியாகத் தெரியும். எனக்குப் பின்னால் வந்த டிரெய்லர் ஓட்டுநர்தான் சொன்னார். எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் போகக் காத்துநிற்கும் கண்டெய்னர் வரிசையை ஒட்டி வந்துகொண்டிருந்தேன். ஊர்ந்து, நின்று, மறுபடியும் ஊர்கிற இடம். அவர் விடாமல் ஹாரன் அடித்தார். வழி கேட்கிறார் என்று ஒதுங்கினேன். பக்கத்தில் வந்து தலையை நீட்டி, "தம்பி, நீ பிரேக் போடுகிறாயா, வண்டி தானாக நிற்கிறதா? பின்னால் ஒன்றுமே எரியவில்லை. நாற்பது அடிப் பெட்டி ஏற்றி வருகிறேன், நீ நிற்பது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். நியாயமான கோபம்.

அன்று இரவே ஐஸ் கம்பெனிச் சுவரை ஒட்டி வண்டியைப் பின்பக்கமாக நிறுத்திச் சோதித்தேன். டெயில் லைட்டின் சிவப்பு சுவரில் விழுந்தது. பெடலை மிதித்தேன், அந்தச் சிவப்பு கொஞ்சமும் கூடவில்லை. உதவிக்கு ஆள் இல்லாதபோது இந்தச் சுவர் போதும். பகலில் என்றால் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு இறங்கிப் போய்ப் பார்க்கலாம்.

இரண்டு பக்கமும் சேர்ந்து எரியாவிட்டால் பல்பைத் தொடவே வேண்டாம் என்பார்கள். நான் கழற்றிப் பார்த்தேன். ஒரு பல்பு என்றைக்கோ போயிருந்து, இன்னொன்று நேற்றுப் போயிருக்கலாம் அல்லவா? 12 வோல்ட், 21/5 வாட் பல்பு அது. உள்ளே இரண்டு இழைகள் இருக்கும்: 5 வாட் இழை டெயில் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. ஒன்று அறுந்தாலும் மற்றது எரியும். அதனால் டெயில் லைட் எரிகிறதே, பல்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. என் பல்புகளில் இரண்டு இழைகளும் முழுதாக இருந்தன. ஃபியூஸிலும் குறை இல்லை. மிச்சம் இருந்தது சுவிட்ச்தான்.

அது பிரேக் பெடலின் தண்டுக்கு மேலே, ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு இரும்புப் பட்டையில் மாட்டியிருக்கும். கட்டை விரல் அளவு. முனையில் ஒரு சிறிய ஆணி. ஃபிரிட்ஜ் கதவுக்குள் விளக்குக்கு ஒரு பொத்தான் இருக்கிறதே, அதே வேலைதான் இதற்கும்: பெடல் மேலே இருக்கும்போது ஆணி உள்ளே அழுந்தியிருக்கும், மின்சாரம் போகாது. பெடல் இறங்கியதும் ஆணி வெளியே வரும், உள்ளே செம்புத் தகடுகள் சேரும், பின்னால் விளக்கு எரியும். அழுத்தினால் எரிகிற சுவிட்ச் என்று நினைத்துக்கொண்டு சோதிப்பவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

வண்டித் தரையில் மல்லாந்து படுத்து, தலையை பெடலுக்கு அடியில் நுழைத்து, போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு செய்கிற வேலை இது. உடம்பு வலியைத் தவிர வேறு கஷ்டம் கிடையாது. மின்சாரம் இருந்தால் எரிகிற டெஸ்ட் லைட்டின் கிளிப்பை பாடியில் கவ்வவிட்டு, சுவிட்சில் வயர்கள் செருகியிருக்கும் கப்ளருக்குப் பின்புறம் முனையை வைத்தேன். ஒரு வயரில் சாவி போடாமலே மின்சாரம் இருந்தது. பெடலைக் கையால் அழுத்தினால் இன்னொரு வயரிலும் வர வேண்டும், வரவில்லை. கப்ளரைப் பிடுங்கி, அதன் இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தேன். பின்னால் நின்ற பையன், "எரிகிறது அண்ணா, இரண்டும் எரிகிறது!" என்று கத்தினான். சுவிட்சைத் தவிர மற்றதெல்லாம் சரி என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இந்த இணைப்பு வேலை இரண்டு வயர் சுவிட்சுக்கு மட்டும்தான். நான்கு வயர் இருந்தால் எது எது என்று தெரியாமல் எதையும் எதோடும் சேர்க்காதீர்கள்.

பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, 14-15 ஸ்பானரால், சுவிட்சை நகராமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தினேன். கழற்றும் முன் பட்டைக்கு மேலே எத்தனை மரை தெரிகிறது என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பழைய சுவிட்சைக் கையோடு எடுத்துப் போங்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பெரியவர் வண்டியின் பெயரைக் கேட்கவே இல்லை. ஆணியின் நீளம், மரையின் பருமன், கப்ளரின் வாய் ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தார். இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

பூட்டுவது ஒன்றும் பெரிதில்லை. எவ்வளவு உள்ளே திருகுவது என்பதுதான் வேலையே. என் வண்டிக் கையேட்டின்படி சுவிட்சின் மரை முனைக்கும் பெடலில் இருக்கும் தடுப்புக்கும் இடையே அரை முதல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பழைய ஏ.டி.எம். அட்டை முக்கால் மில்லிமீட்டர் கனம். அதை இடையில் கொடுத்து, சுவிட்ச் தொடும்வரை திருகி, லாக் நட்டை இறுக்கிவிட்டு அட்டையை உருவினேன். பெடல் ஒரு விரற்கடை இறங்குவதற்குள் விளக்கு எரிய வேண்டும். காலை எடுத்தவுடன் அணைய வேண்டும். அவ்வளவுதான்.

இதில் அலட்சியம் கூடாது என்பதற்கு எங்கள் வரிசையிலேயே ஒரு வண்டி சாட்சி. அதற்குச் சுவிட்ச் மாற்றியவர் உறுதியாக இருக்கட்டும் என்று கடைசிவரை திருகிவிட்டார். சுவிட்சே பெடலைச் சற்றுக் கீழே அழுத்திக்கொண்டு நின்றது. விளக்கு ஒழுங்காக அணைந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் பெடலுக்கு விளையாட்டு, அதாவது பிரேக் பிடிக்கும் முன் இருக்க வேண்டிய சிறு தளர்வு, இல்லாமல் போனதால், பிரேக் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் திரவம் திரும்பி வரும் துளை மூடியே இருந்தது, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தது. பொன்னேரி போய்த் திரும்பியபோது சக்கரத்தின் அருகே கையை வைக்க முடியவில்லை. லைனர் கருகிய வாசனை மீன் வாசனையையும் மீறி அடித்தது.

கழற்றிய சுவிட்சை உடைத்துப் பார்த்தேன். செம்பு முனைகள் இரண்டும் கரிந்து கறுத்து, ஓரத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தன. ஒன்றின் நடுவே மட்டும் கடுகளவு பள்ளம். அந்த இடத்தில்தான் ஒவ்வொரு மிதிக்கும் பொறி தட்டியிருக்கிறது. இரண்டு 21 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் ஓடும். என்னிடம் விற்றவர் அழகுக்காக மேல் மூலைகளில் இன்னும் இரண்டு பல்புகளைச் சேர்த்திருந்தார். அதோடு ஏழு ஆம்பியர். கடல் காற்றும் ஐஸ் தண்ணீரும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. அந்த இரண்டு பல்புகளையும் இப்போது ஒரு ரிலே வழியாகக் கொடுத்துவிட்டேன்; பல்புகளின் மின்சாரத்தை ரிலே தாங்கிக்கொள்ளும், சுவிட்ச் ரிலேயை இயக்கினால் போதும்.

கொருக்குப்பேட்டை, தண்ணீர் கேன் வண்டி

காசிமேட்டு அண்ணன் முறையாகச் சோதித்துவிட்டு மாற்றினார். எங்கள் பகுதியில் பெரும்பாலும் மாற்றிவிட்டுத்தான் சோதிக்கிறார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் என் வண்டி பின் விளக்கு மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்து சில வாரங்களில் வினோதமான கோளாறு ஆரம்பித்தது. பிரேக் மிதித்தால் வலது பக்க டெயில் லைட் அணைந்துபோகும். அதே பக்க இண்டிகேட்டர் மங்கலாக எரியும். ஒரு எலக்ட்ரீஷியன் பார்த்த மாத்திரத்தில் சுவிட்ச் என்றார், மாற்றினார், காசு வாங்கினார். விளக்கு முன்போலவே கூத்தடித்தது.

சுவிட்ச் கெட்டால் விளக்கு எரியாது, அல்லது அணையாது. ஒன்றை மிதித்தால் வேறொன்று எரிகிறது என்றால் அது எர்த் கோளாறு. பல்புக்குப் போன மின்சாரம் திரும்பி வர வழியில்லாமல் பக்கத்து இழைக்குள் புகுந்து போகிறது. விளக்குப் பெட்டியைத் திறந்தால் ஹோல்டரின் அடியில் சேறு காய்ந்து பாளம் கட்டியிருந்தது. எர்த் வயர் சேஸிஸில் சேரும் போல்ட், துருவுக்குள் இருந்தது. உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, வளையத்தை மாற்றிப் பூட்டி, மேலே வாஸ்லின் தடவினேன். செலவு உப்புத்தாளுக்கு மட்டும். மீன் வண்டி வைத்திருப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சொட்டுவது நேராக அந்த விளக்கின் மேல்தான்.

மாதவரம், பார்சல் வண்டி

என்னுடையது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டி, நான்கு வயர் சுவிட்ச். இதில் விளக்கு ஒரு நாளும் தகராறு செய்யவில்லை. எஞ்சின்தான் செய்தது. மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினாலும் இழுவை இல்லை. டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு. டீசல் ஃபில்டரை மாற்றினேன், பலனில்லை. ஸ்கேனர் போட்டுப் பார்த்தபோது பிரேக் சுவிட்ச் என்று காட்டியது.

இந்தச் சுவிட்சுக்குள் இரண்டு சுவிட்சுகள் இருக்கின்றன. மிதித்தால் ஒன்று சேரும், மற்றது பிரியும். முதலாவது விளக்குக்கு, இரண்டாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வுக்கு. விளக்குச் சுவிட்சின் தகவலும் அதற்குப் போகும். இரண்டும் ஒத்த தகவல் தராவிட்டால், காலை பிரேக்கில் வைத்துக்கொண்டே ஆக்சிலரேட்டரையும் அழுத்துகிறான் என்று எடுத்துக்கொண்டு என் வண்டி வேகத்தைக் குறைத்துவிடுகிறது. கையேடு சொன்னபடி நானே மாற்றினேன். இதில் மரையும் இல்லை, லாக் நட்டும் இல்லை. பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைத் துளையில் செருகி, கால்வட்டம் திருப்பிப் பூட்டிவிட்டுப் பெடலை மெதுவாக மேலே விட வேண்டும். ஆணி தன் நீளத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். பெடல் மேலே இருக்கும்போதே செருகினால் அளவு தவறிவிடும். சில வகைகளில் அந்தச் சரிசெய்தல் ஒரு முறைதான் நடக்கும். அதனால் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கழற்றிய சாமான் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று போகாதீர்கள்.

பெரம்பூர், பந்தல் சாமான் வண்டி

எனக்கு நேர்மாறான கதை. இரவு நிறுத்திவிட்டுப் போன வண்டி, முகூர்த்த நாள் காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு முக்கல்கூட இல்லை. பாட்டரி காலி. தெருவில் கோலம் போட வந்த பக்கத்து வீட்டு அக்கா, "உன் வண்டியில் ராத்திரி முழுக்கச் சிவப்பு விளக்கு எரிந்ததே, வேண்டுமென்று போட்டிருக்கிறாய் என்று நினைத்தேன்" என்றார்.

குனிந்து பார்த்தபோது மிதியடியில் உலர்ந்த பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தன. அள்ளிச் சேர்த்தால் ஒரு பொத்தான் அளவு வரும். சுவிட்சின் ஆணி மோதுவதற்காகப் பெடல் தண்டில் ஒரு புஷ் இருக்கிறது. அது நொறுங்கி விழுந்துவிட்டது. புஷ் இருந்த துளை வழியாக ஆணி முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சைப் பொறுத்தவரை நான் இரவெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் போயாக வேண்டும். அந்தத் துளையில் தட்டைத் தலை போல்ட் ஒன்றைச் செருகி, பின்னால் வாஷரும் நைலான் நட்டும் போட்டு இறுக்கினேன். ஆணி போல்டின் தலையில் மோதியது, விளக்கு அணைந்தது, பாட்டரிக்குப் பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் வயர் கொடுத்துக் கிளம்பினேன். மறுவாரம் சரியான புஷ் வாங்கிப் போட்டேன். அதன் விலை ஒரு டீ, இரண்டு வடை விலைதான். எரிந்துகொண்டே இருக்கிறது என்றால் சுவிட்சை வாங்கும் முன் மிதியடியைப் பாருங்கள்.

திருவொற்றியூர், தண்ணீர் லாரி

நான் ஓட்டத் தொடங்கிய காலத்தில் பழைய வண்டிகளில் சுவிட்ச் பெடலில் இருக்காது, பிரேக் குழாயிலேயே இருக்கும். திரவத்தின் அழுத்தத்தில் வேலை செய்கிற வகை. அதைக் கழற்றினால் திரவம் ஒழுகும், குழாயில் காற்று புகும், பிறகு நான்கு சக்கரத்துக்கும் பிளீடிங் செய்து அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். அந்த வகை வண்டி யாரிடமாவது இன்னும் இருந்தால், மேலே தம்பிகள் எழுதியதைப் படித்துவிட்டு அரை மணி நேர வேலை என்று நம்பிக் கழற்றிவிட வேண்டாம்.

ஏர் பிரேக் லாரியில் சுவிட்ச் காற்றுக் குழாயில் இருக்கும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டாங்கியின் காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட வேண்டும்.

இன்னொன்று. சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று. அந்த நேரம் வந்தால்தான் பலருக்குப் பின் விளக்கின் நினைவே வருகிறது. டாஷ்போர்டில் ஒரு தனி சுவிட்ச் வைத்து, ஆய்வாளர் 'பிரேக்' என்று சொன்னதும் கையால் தட்டி எரியவைத்தவனையும் பார்த்திருக்கிறேன். இருநூறு ரூபாய் சாமானை வாங்காமல் அதற்குப் பத்து அடி வயர் இழுத்திருந்தான்!

வியாசர்பாடி, டாடா ஏஸ்

எல்.இ.டி. பல்பு போட்டால் சுவிட்சின் முனை கரியாமல் இருக்குமா? கடைக்காரர் இருக்கும் என்கிறார்.

காசிமேடு, மீன் ஏற்றும் பிக்கப்

இருக்கும் தம்பி, அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. ஆனால் வாங்கும்போது சிவப்பு எல்.இ.டி. கேட்டு வாங்குங்கள். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையைப் போட்டால் வெளிச்சம் வெளுத்துப்போகும். டெயில் லைட்டுக்கும் பிரேக்குக்கும் வெளிச்சத்தில் வித்தியாசம் தெரிகிறதா என்றும் கடையிலேயே எரியவைத்துப் பாருங்கள். மலிவான சிலவற்றில் இரண்டும் ஒரே அளவுதான் எரிகின்றன. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் மிதித்ததே தெரியாது.