பேரல் முனையில் எவ்வளவு வெயிட் போடுகிறீர்கள்? பட்டதைச் சொல்லுங்கள்

சூரமங்கலம் அப்பா

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு 13 வயது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள். ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவனைப் பார்த்து ஆரம்பித்தவள், ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம், துப்பாக்கி ஆடாமல் நிற்கட்டும் என்று பேரல் முனையில் 150 கிராம் வெயிட் ஏற்றினோம். ஏற்றினோம் என்ன, நான்தான் ஏற்றினேன். பக்கத்து லேனில் சுடுகிற பையன் போட்டிருந்தான், அவன் ஸ்கோர் ஏறியிருந்தது.

முதல் இருபது குண்டு பிரமாதம். திரையில் 10.3, 10.5 என்று விழுகிறது, பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்பதைத் தாண்டினதும் துப்பாக்கியை ஏற்றுகிறாள், சுடாமலே இறக்குகிறாள், மறுபடி ஏற்றுகிறாள். அப்புறம் திரும்பாமலே மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, முன்னாடி இழுக்குதுப்பா." நான், "பழகிடும் கண்ணு, சுடு" என்றேன். மீதி பதினெட்டையும் சுட்டு முடித்தாள். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். இடது கை விரல்கள் நடுங்குகின்றன, மூடியைத் திருக முடியவில்லை. நான் திறந்து கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் குடித்தாள்.

அந்த மூடி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நீங்களெல்லாம் எப்படி முடிவு செய்தீர்கள்?

கொலுசுப்பட்டறை

அண்ணா, எனக்கு வேறு மாதிரி. வெயிட்டை வெளியிலிருந்து வரவழைத்தால் விலையும் அதிகம், வந்து சேர நாளும் ஆகும். அதனால் லேத் பட்டறையில் பித்தளையில் இரண்டு வளையம் கடைந்து வாங்கினேன். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டில் கொலுசு வேலை. வெள்ளி நிறுக்கிற தராசிலேயே வைத்து, ஒவ்வொன்றும் சரியாக 90 கிராம் வருகிறவரை அரத்தால் ராவினேன். துப்பாக்கி எடைக்கு மட்டும் கூடவே வந்த தாளில் இருந்ததை நம்பிக் கூட்டிக்கொண்டேன். குறி பார்க்கிற சைட்டுக்கு அடியில் வைத்த உயரக் கட்டை, கைக்கு அடியில் மாட்டின பலகை எல்லாம் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

மாநிலப் போட்டி. போட்டிக்கு முன்னால் துப்பாக்கியை நிறுக்கிற சோதனை மேஜையில் 5.53 கிலோ. 5.5-க்கு மேல் ஒரு கிராம் ஆகாது என்று தெரியும்தானே. "தம்பி, எதையாவது ஒன்றைக் கழற்று" என்றார் மேஜையில் இருந்தவர். அவர் மேல் தப்பே இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார். அல்லன் கீயைப் பிடித்த கை வேர்வையில் வழுக்குகிறது. ஒரு வளையம் கழன்று கீழே விழுந்து, உருண்டு அடுத்த மேஜை வரைக்கும் போனது. அந்தச் சத்தத்துக்கு வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள்.

அதோடு போகவில்லை. முனை லேசாகிப் போனதும், துப்பாக்கி தானாக வந்து நிற்கிற இடம் இலக்கின் கறுப்பு வட்டத்துக்கு மேலே போய்விட்டது. போட்டிக் குண்டுகளுக்கு முன்னால் குறி சரிபார்க்கத் தருகிற 15 நிமிட சைட்டிங் நேரத்தில் காலை, இடுப்பைச் சரிசெய்திருக்க வேண்டும். நான் கையால் அமுக்கிப் பிடித்தே அறுபதையும் சுட்டேன். மூன்றாவது பத்திலேயே தோள் கடுத்துப் போனது. ஸ்கோரை இங்கே எழுத மனசு வரவில்லை.

அயோத்தியாப்பட்டணம்

இரண்டு பேருமே கிராமைத்தான் சொல்கிறீர்கள். எங்கே மாட்டினீர்கள் என்பதை இரண்டு பேருமே முனை என்றதோடு விட்டுவிட்டீர்கள். கொலுசுப்பட்டறை தம்பி, 90 கிராமை ராவி ராவிச் சரி பார்த்தீர்களே, அதை விரற்கடை அளவு பின்னால் தள்ளியிருந்தாலே அந்த ராவல் அத்தனைக்கும் மேலான வித்தியாசம் தெரிந்திருக்கும்.

என் கதை சின்னது. 200 கிராமை முனையிலேயே வைத்து இரண்டு வருடம் சுட்டேன். ஒருநாள் பயிற்சியில் கடைசிப் பத்து குண்டு அதுவரை வராத மாதிரி வந்தது. பெட்டியில் வைக்கும்போது பார்த்தால் ஸ்க்ரூ லூசாகி, வெயிட் ஒரு சாண் பின்னால் நழுவிக் கிடக்கிறது.

நம் ஊரில் தொரட்டி பிடிக்காதவர்கள் இருக்க முடியாது. வெறும் தொரட்டியின் நுனி காற்றுக்கே ஆடும். குண்டு மாங்காய் ஒன்று நுனியில் சிக்கினதும் ஆட்டம் நின்றுவிடும், ஆனால் மணிக்கட்டு கெஞ்சும். துப்பாக்கியும் அதேதான். தாங்குகிற கையிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கிற வெயிட்டை 40-க்குத் தள்ளினால், கையை இழுக்கிற பாரம் இரண்டு மடங்கு. ஆட்டத்தை எதிர்க்கிற குணம் நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்குக்கு ஆசைப்பட்டுத்தான் எல்லோரும் முனைக்கு ஓடுகிறோம். ஆனால் அப்படிக் கனத்த முனை ஒருமுறை கறுப்பை விட்டு நகர ஆரம்பித்தால் நிறுத்தித் திருப்புவதும் அவ்வளவே கஷ்டம். களைத்துப் போன கையால் அது முடியாது.

சூரமங்கலம் சார் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். வெயிட்டை எல்லாம் கழற்றி வெறும் துப்பாக்கியில் பத்து நாள் சுடட்டும். அப்புறம் 25 கிராம், கைக்குப் பக்கத்தில். இரண்டு விரற்கடையாக முன்னால் நகர்த்துங்கள். நகர்த்துகிற ஒவ்வொரு இடத்திலும் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நல்ல இடத்தை மறுபடி கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், வெயிட்டையும் கன்னப் பலகையையும் ஒரே நாளில் தொடாதீர்கள். மொத்த ஸ்கோரைப் பார்க்காதீர்கள். முதல் பத்தையும் கடைசிப் பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதல் பத்து ஏறி, கடைசிப் பத்து இறங்கினால் அந்த வெயிட் அவளுக்கு ஆகாது. குண்டு போடாமல் பிடித்துப் பார்க்கும்போது எந்த வெயிட்டும் நன்றாகத்தான் நிற்கும், போட்டி என்பது 60 குண்டு, 75 நிமிடம். வளையம் கடைவதாக இருந்தால் முதலில் அலுமினியத்தில் கடையுங்கள். அதே அளவு வளையம் பித்தளையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவாக வரும். சோதனைக்குப் போகும் முன்னால் காற்று சிலிண்டர், சைட், கட்டை, பலகை எல்லாம் மாட்டின முழுத் துப்பாக்கியை நிறுத்துப் பாருங்கள்.

இருபதாவது வளைவு

ஏற்காட்டிலிருந்து. நான் பிஸ்டல். அயோத்தியாப்பட்டணம் சார், நீங்கள் சொல்வது இடுப்பெலும்பில் முழங்கையை ஊன்றி நிற்கிற ரைஃபிளுக்குச் சரி. நீட்டின ஒற்றைக் கைக்கு வேறு கணக்கு. எடைக்கு 1.5 கிலோ வரைக்கும் இடமிருக்கிறது, என் பிஸ்டல் ஒரு கிலோகூட இல்லை. ஆனால் மாட்டின வெயிட்டோடு சேர்த்து 420க்கு 200க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். நான் முனையில் போட்டிருப்பது 30 கிராம். 500 கிராம் அழுத்தம் கேட்கிற ட்ரிகரை அழுத்தும்போது துள்ளிக்கொண்டிருந்த முன் சைட் அதைப் போட்டதும் அடங்கியது. எல்லோரும் பின்னால் தள்ளு, பின்னால் தள்ளு என்று சொன்னால் எங்களுக்கு ஆகாது.

என்னை உறுத்துவது இது. மார்கழிக் காலை, மூட்டம், எதிரில் வருகிற வண்டி தெரியாது. 20 கொண்டை ஊசி வளைவும் பிரேக்கை அழுத்திக்கொண்டே பைக்கில் இறங்கி, நேரே ரேஞ்சுக்குப் போய் நின்றேன். பிஸ்டலைத் தூக்கினால் முன் சைட் பின் சைட் பள்ளத்துக்குள் முங்குகிறது. தூக்கித் தூக்கி நிறுத்துகிறேன், விரலை அழுத்த ஆரம்பித்ததும் முங்குகிறது. பிரேக் பிடித்ததும் அதே வலது கைதான் என்று எனக்குத் தோன்றவில்லை. வெயிட்டைத் திட்டிக் கழற்றிப் பையில் போட்டேன். அடுத்த வாரம் பஸ்ஸில் இறங்கினேன். அதே 30 கிராம் கல் மாதிரி நின்றது. நடுவில் போன அந்த ஒரு வாரப் பயிற்சி வீண்.

அஸ்தம்பட்டி

சூரமங்கலம் அண்ணா, மற்றவர்கள் சொன்னதெல்லாம் இருக்கட்டும். "பழகிடும்" என்று சொன்னீர்களே, அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 15 வயதில். பழகத்தான் செய்தது. முனை கனத்தால் உடம்பு தானாகவே பின்னால் சாய்ந்து ஈடு கட்டும், ஏற்கெனவே முதுகை முறுக்கித்தான் நிற்கிறோம். இரண்டு வருடம் நன்றாகச் சுட்டேன், மெடலும் வாங்கினேன். அப்புறம் ஒரு காலையில் கோலம் போடக் குனிந்தவள் நிமிர முடியாமல் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வந்து தூக்கும்வரை அரிசி மாவு கையிலேயே இருந்தது. ஆறு மாதம் துப்பாக்கியைத் தொடவில்லை. இப்போது சுடுகிறேன், முனையில் ஒன்றும் இல்லாமல்.

அயோத்தியாப்பட்டணம் சார், உங்கள் யோசனைகள் நல்லதுதான். ஆனால் ஸ்கோரை எழுதச் சொன்னீர்களே, முதுகு வலிக்கிறதா என்று கேட்டு அதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஸ்கோர் நன்றாக இருக்கும்போதே உடம்பு கெட ஆரம்பித்துவிடும். பிள்ளை வாயைத் திறந்து இழுக்கிறது என்று சொன்னதே பெரிய விஷயம், நான் சொல்லவே இல்லை.

சூரமங்கலம் அப்பா

எல்லோருக்கும் நன்றி. அஸ்தம்பட்டி தங்கச்சி எழுதினதை இரண்டு தடவை படித்தேன், அப்புறம் மகளிடமே போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

நேற்றுச் சாயங்காலம் 150 கிராமையும் கழற்றினோம். அவளே அல்லன் கீ போட்டாள். முதுகு வலித்ததா என்று கேட்டேன். "ரெண்டு வாரமா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நாளைக் காலை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அவர் சரி என்கிறவரை பயிற்சி கிடையாது, கோச்சிடமும் சொல்லிவிட்டேன். அப்புறம் வெறும் துப்பாக்கியில் ஆரம்பித்து, முதல் பத்து, கடைசிப் பத்து, முதுகு மூன்றையும் நோட்டில் எழுதிவைத்து இங்கே போடுகிறேன்.