கோர் டம்ப் கையில இருக்கு, ஜிடிபி (GDB) டிபக்கரில கேள்விக்குறிதான் வருது

திருகோணமலை, உப்புவெளி. மீன் மொத்தக் கடைக்கு சி++ல செய்து குடுத்த பில் ப்ரோகிராம் போன கிழமையிலிருந்து விழுது, அதுவும் விடிய மீன் வந்து சனம் நெருக்கிற நேரத்தில. கடைக்கார அண்ணை துண்டுக் கடதாசியில கணக்கெழுதுறதைப் பார்க்க மனசு கேக்குதில்லை.

சிக்னல் 11, அதாவது தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்டு விழுறது. கடைக் கணினி உபுண்டு 20.04, என்ர 22.04. கோர் டம்பை (விழேக்க நினைவகத்தில இருந்ததைப் பதிஞ்ச ஃபைல்) இங்க கொண்டுவந்து ஜிடிபியில திறந்து பேக்டிரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு விழுந்ததெண்ட வரிசை) எடுத்தா, மேல் ஃபிரேம் (அந்த வரிசையில ஒவ்வொரு படி) எல்லாம் வெறும் முகவரியும் '??'உம்தான். பைனரி அதேதான், பில்ட் ஐடி (பைனரியின்ர அடையாள எண்) பொருந்துது, டிபக் தகவலும் இருக்கு. ஆனா ஜிலிப்சி (glibc, சி ப்ரோகிராம்கள் பாவிக்கிற அடிப்படை லைப்ரரி) அங்க 2.31, இங்க 2.35. கடையின்ர லைப்ரரிகளைக் கொப்பி பண்ணி சிஸ்ரூட்டும் (ஜிடிபி லைப்ரரிகளைத் தேடுற ஃபோல்டர்) குடுத்துப் பார்த்தன், மாறேல்லை. நினைவகப் பிழை பிடிக்கிற வால்கிரைண்டில ஓட்டினா விழுகுதே இல்லை.

சிஸ்ரூட்டை கோர் ஃபைல் ஏத்த முதலே குடுக்கோணுமா, இல்லாட்டி ஜிலிப்சி 2.31இன்ர டிபக் சிம்பலும் (முகவரிக்குரிய ஃபங்ஷன் பெயர்கள்) சேர்த்துப் போடோணுமா?