3389 திறந்தே கிடந்தது: உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்

கல்முனையிலிருந்து:

நெல் ஆலை ஒன்றின் கணக்குக் கணினியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாரியில் வீதி வெள்ளத்தில் மூழ்கினால் கணக்காளர் அக்காவால் ஆலைக்கு வர முடியாது. அதற்காக யாரோ முன்பே ரவுட்டரில் 3389ஆம் போர்ட்டை நேரே அந்தக் கணினிக்குத் திருப்பிவிட்டிருந்தார். கணினியைத் தூரத்திலிருந்தே இயக்க உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் காத்திருக்கும் வாசல் அது; போர்ட் என்பது இப்படி எண்ணிட்ட வாசல்தான்.

ஒரு நாள் அக்கா அழைத்தார். "தம்பி, சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே விடுகிறதில்லை. கணக்குப் பூட்டப்பட்டது என்கிறது."

பாதுகாப்புப் பதிவைத் திறந்தேன். 4625, 4625, 4625 என்று திரை முழுவதும் ஒரே எண். தோற்றுப்போன ஒவ்வொரு நுழைவுக்கும் விண்டோஸ் இடும் எண் அது. நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு. அட்மின், டெஸ்ட், பேக்கப் என்று ஆலையில் இல்லாத ஆட்களின் பெயர்கள். அக்காவின் கணக்குக்கு வெறுமனே 'யூசர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதையும் விடாமல் முயன்றிருக்கிறார்கள். பூட்டு விழுந்தது அதனால்தான்.

எண்ணை 3390 ஆக்கினேன். இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் மறுபடியும் 4625. இதை அழுத்திச் சொல்கிறேன்: 65,535 எண்களையும் தட்டிப் பார்க்கும் நிரல்களுக்கு எண் மாற்றம் ஒரு தடையே அல்ல. எந்த எண்ணில் இருந்தாலும் ரிமோட் டெஸ்க்டாப் தட்டியவுடன் தான் இன்னாரென்று காட்டிவிடும். கடைசியில் அந்தத் திருப்பத்தையே அழித்துவிட்டு வயர்கார்ட் போட்டேன்; சாவி உள்ளவர் மட்டும் வரக்கூடிய மறைகுறியிட்ட தனிப்பாதை (வீபிஎன்) அது. அதன் வழக்கமான எண் 51820, யூடிபி (முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமல் தரவுப் பொட்டலங்களை அனுப்பும் முறை). சரியான சாவியில்லாமல் வரும் பொட்டலத்துக்கு அது வாயே திறக்காது. அக்கா இப்போது அதன் வழியாகத்தான் வருகிறார்.

ஆரையம்பதியிலிருந்து:

அண்ணா, எனக்கு நேர்ந்தது வேறு. பாசிக்குடாவில் ஒரு விருந்தினர் விடுதி. வலைத்தளம் 443இல் திறக்கிறது, அஞ்சல் 993 வழியாக வந்துசேர்கிறது, அனுப்புவது மட்டும் போகவில்லை. இரண்டு நாள் கடவுச்சொல்லையே சந்தேகப்பட்டோம். பார்த்தால் அனுப்பும் போர்ட் 25 என்று கிடந்தது! அஞ்சல் சேவையகங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் எண் அது; குப்பை அஞ்சலுக்குப் பயந்து இணைப்பு தருபவர்கள் பலர் அதை மறித்துவிடுகிறார்கள். நம்மைப் போன்றவர்கள் அனுப்புவதற்கென்று இருப்பது 587. மாற்றியதும் தேங்கிக் கிடந்த பத்தொன்பது முன்பதிவுக் கடிதங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. விடுதிக்கார அம்மா பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே இருந்தார்.

ஏறாவூரிலிருந்து:

நேற்று ஒரு புடவைக் கடையின் கமராப் பதிவுப் பெட்டியைச் சோதித்தேன். 23, அதாவது தூரத்திலிருந்து மறைகுறியீடு இல்லாமல் கட்டளையிடும் டெல்நெட்டின் வாசல், இணையத்துக்கே திறந்து கிடக்கிறது; கடவுச்சொல்லும் தொழிற்சாலையில் வைத்ததுதான். 2016இல் மிராய் என்ற தீநிரல் இப்படிப்பட்ட பெட்டிகளைத்தான் 23, 2323 வழியாகப் பிடித்து அடிமையாக்கியது. எனக்கு இரவு நித்திரை வரவில்லை. ஆனால் வீட்டிலிருந்து கடையைப் பார்க்க வேண்டும் என்கிறார் கடைக்கார நானா. ரவுட்டர் பழையது. வயர்கார்ட் அதில் ஓடாதே?

கல்முனையிலிருந்து:

கடைக்குள் எப்போதும் ஓடும் கணினி ஒன்று இருந்தால் அதில் போடுங்கள். 51820ஐ மட்டும் அதற்குத் திருப்பினால் போதும். 23ஐ இன்றிரவே மூடிவிடுங்கள் தம்பி, நானா கமரா பார்ப்பது நாளைக்கு ஆகட்டும்.