புதுப்பிப்பு: ஸ்பானிய மொழியில் பணிவாகக் கேட்பது

ஒன்றைக் கேட்கும்போது எப்போதும் "கியேரோ" (எனக்கு வேணும்) என்றே சொல்லலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. இப்போது தெளிவாகிவிட்டது.

வினையின் நிபந்தனை வடிவம்தான் (ஆங்கிலத்தின் "would" போல) கைகொடுக்கிறது. பெரும்பாலும் அகராதியில் இருக்கும் வினை வடிவத்தோடு "ஈயா" சேர்த்தால் போதும்: குஸ்தார் (பிடிப்பது), மே குஸ்தாரீயா (எனக்குப் பிடிக்கும், வேண்டும் என்று பணிவாக). "போதேர்" (முடிவது) போன்ற சில வினைகள் நடுவிலுள்ள உயிரெழுத்தை விட்டுவிடும்; அது "போத்ரீயா" ஆகும். பெரியவர், அறிமுகமில்லாதவர் என்றால் "போத்ரீயா அயுதார்மே?", நண்பர் என்றால் "போத்ரீயாஸ்". நாம் "கொஞ்சம் உதவ முடியுங்களா?" என்று கேட்கும் அதே தொனி, அதனால் நமக்கு இது சுலபமாகவே படியும்.

"கியேரோ"வின் பணிவான வடிவமான "கிசியேரா" நிபந்தனை வடிவமே இல்லை, இறந்தகால சப்ஜங்டிவ் (விருப்பம், ஐயம் போன்றவற்றுக்கு வரும் வினை வடிவம்). ஆனாலும் செய்வது அதே வேலை; கடையில் "கிசியேரா உன் கிலோ தே தொமாத்தேஸ்" (ஒரு கிலோ தக்காளி வேணும்) என்றால் அழகாக இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பதில் வேறு. ஸ்பெயினின் காபிக் கடைகளில் "மே போனேஸ் உன் கஃபே?" (எனக்கு ஒரு காபி தர்றியா?) என்ற சாதாரண நிகழ்காலக் கேள்வியே போதுமாம், அது மரியாதைக் குறைவு இல்லை. கொலம்பியாவிலோ "மே ரெகாலா உன் தின்டோ?" (எனக்கு ஒரு கருப்புக் காபி பரிசாகத் தர்றீங்களா?) என்று, பரிசாகக் கேட்பதுபோல் கேட்டுவிட்டுக் காசும் கொடுப்பார்கள்! அடுத்து "தேபெரீயாஸ்" (நீ செய்ய வேண்டும்) வைத்து அறிவுரை சொல்வதைப் படிக்கப்போகிறேன்.