மூன்றாவது ஷார்ட் கார்னர்: வெளியூர் ஹாக்கி ஆட்ட அனுபவங்கள்

லெஃப்ட் ஹாஃப், திண்டுக்கல்:

வெளியூர் ஆட்டங்களில் மனதை விட்டுப் போகாதது எது என்று கேட்டால், எனக்கு 2019 ஜூன் மாதம் கோவில்பட்டியில் ஆடியதுதான். தோற்ற ஆட்டம்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிறவர்கள். வங்கி வேலை பார்ப்பவர், ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், பி.டி. சார் இரண்டு பேர், கல்லூரி முடித்த பையன்கள் நாலைந்து பேர். எங்களுக்கு இருப்பது மண் மைதானம். ஆட்டத்துக்கு முன் கல் பொறுக்குவதும் சுண்ணாம்புக் கோடு போடுவதும் நாங்களேதான். கோவில்பட்டி அணி ஒன்று நட்பு ஆட்டத்துக்குக் கூப்பிட்டது. கிருஷ்ணா நகர் செயற்கைப் புல்தரை மைதானம் என்றதும் ஒருத்தர்கூட வர முடியாது என்று சொல்லவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு வேன் ஏறினோம். சாத்தூர் தாண்டும்போது கிழக்கு வெளுத்து, ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசல் தெரிய ஆரம்பித்தது.

ஏழு மணி ஆட்டத்துக்கு ஆறரைக்கே காலரியில் ஐம்பது அறுபது பேர். வேட்டி கட்டிய பெரியவர்கள், ஸ்டிக்கோடு வந்த சிறுவர்கள், பால் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர். ஒரு நட்பு ஆட்டத்தைப் பார்க்க ஊரே எழுந்து வந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

டர்ஃபுக்குத் தண்ணீர் பீய்ச்சி முடித்தார்கள். விசில். என்னிடம் வந்த முதல் பந்து ஸ்டிக்குக்குக் கீழே புகுந்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாவது பந்தும் அப்படியே. மண்ணில் பந்து துள்ளித் துள்ளி வரும். எந்த நேரம் முழங்காலுக்கு எகிறும் என்று தெரியாது. அதனால் ஸ்டிக்கை நிமிர்த்தி வைத்துத்தான் வாங்கிப் பழகியிருந்தோம். இங்கே நனைந்த தரையில் பந்து ஒட்டிக்கொண்டே வழுக்கி வருகிறது, அதுவும் நாங்கள் நினைத்ததைவிட ஒரு மடங்கு வேகத்தில். எதிரணிப் பையன்கள் ஓங்கி அடிக்கவே இல்லை. தள்ளிவிடுகிற புஷ் பாஸ் மட்டுமே. அதுவே இருபது முப்பது கஜம் போகிறது. நாங்கள் மண்ணில் ஆடுகிற பழக்கத்தில் ஓங்கி அடித்தோம், எல்லாம் எல்லை தாண்டிப் போனது. முதல் இரண்டு குவார்ட்டர் முடிந்தபோது 2-0. நாங்கள் அவர்களுடைய டி-க்குள், அதாவது கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்துக்குள், கால் வைத்தது ஒரே ஒரு தடவை.

இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். காலரியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி, நேராக எங்களிடம் வந்தார். எழுபது வயது இருக்கும். என் ஸ்டிக்கைக் கேட்டு வாங்கினார்.

"தம்பி, பந்து எகிறும் எகிறும்னு ஸ்டிக்க நட்டமா வச்சிக்கிட்டு நிக்கீக. இங்க எகிறாது. படுக்கப் போடுங்க. இடுப்ப எறக்குங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, ஸ்டிக் முழுவதும் தரையில் படிகிற மாதிரி வைத்துக் காட்டினார். இடது கை விரல்கள் டர்ஃபைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவர் அந்த ஊர்க்காரர். அவர் ஊர் அணி இரண்டு கோல் முன்னால் இருக்கிறது. அப்படியிருந்தும் வந்து சொல்லிக்கொடுத்தார். நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

மூன்றாவது குவார்ட்டரில் பந்து எங்கள் ஸ்டிக்கில் நிற்க ஆரம்பித்தது. எங்களுக்கு ஒரு ஷார்ட் கார்னர் கிடைத்தது. எதிரணி டி-க்குள் தப்பு செய்தால், கோல் கோட்டிலிருந்து பந்தை வெளியே தள்ளி, அதை வாங்கிக் கோலுக்கு அடிக்கிற வாய்ப்பு அது. எங்களிடம் ட்ராக் ஃப்ளிக் (பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வந்து வீசுவது) போடத் தெரிந்த ஆள் இல்லை, நேராக ஹிட்தான். ஹிட் என்றால் முதல் அடி கோலுக்குள் இருக்கும் பதினெட்டு அங்குலப் பலகையின் உயரத்துக்கு மேலே போகக் கூடாது. ஃப்ளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பி.டி. சார் அடித்த பந்து தரையோடு போய்ப் பலகையில் "டப்" என்று மோதியது. 2-1. ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது வலது பக்கத்திலிருந்து வந்த பந்தை எங்கள் சின்னப் பையன் ஒருவன் ஸ்டிக் நுனியால் திருப்பிவிட்டான். 2-2. ஒர்க்‌ஷாப் அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார்.

கடைசி சில நொடிகளில் எங்கள் டி-க்குள் ஒருவர் காலில் பந்து பட்டு, அவர்களுக்கு ஷார்ட் கார்னர். அதே நேரம் ஹூட்டரும் ஒலித்துவிட்டது. ஆனால் நேரம் முடிந்தாலும் ஷார்ட் கார்னரை ஆடித் தீர்த்த பிறகுதான் ஆட்டம் முடியும். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் நின்றோம். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம். நான் இடது கம்பத்து ஆள்.

முதல் ஃப்ளிக்கை எங்கள் கீப்பர் பேடால் தடுத்தார். தெறித்த பந்து எங்கள் ஆள் ஒருவரின் காலில் பட்டது. மறுபடியும் ஷார்ட் கார்னர். இரண்டாவது தடவை முன்னால் பாய்ந்து ஓடிய எங்கள் ஆளின் காலில் பந்து பலமாக அடித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதில் ஒரு விதி உண்டு. அடிக்கிறவரிடமிருந்து ஐந்து மீட்டருக்குள் ஓடி வருகிறவருக்கு முதல் ஷாட் முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் அது ஆபத்தான ஷாட், பந்து எங்களுக்கு, ஆட்டம் டிரா. முழங்காலுக்குக் கீழே பட்டால் இன்னொரு ஷார்ட் கார்னர். அம்பயர் கார்னர் காட்டினார். எங்கள் கேப்டன் வாதாடப் போனார். அடிபட்டவர் காலைப் பிடித்தபடியே, "கீழதான் பட்டுச்சு, விடுங்க" என்றார். ஸ்டாக்கிங்ஸை இறக்கிப் பார்த்தோம். முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே, பந்தின் வட்டம் அப்படியே சிவந்திருந்தது.

மூன்றாவது. பந்து என் பக்கம்தான் வந்தது. பார்த்தேன், ஸ்டிக்கை இறக்கினேன். ஸ்டிக்குக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் போய்விட்டது. எனக்குப் பின்னால் பலகைச் சத்தம். 3-2.

காலரி எழுந்து நின்று கைதட்டியது. அது ஜெயித்த அணிக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால், எங்கள் கீப்பர் ஹெல்மெட்டைக் கழற்றும்வரை தட்டிக்கொண்டே இருந்தார்கள். கிளம்பும்போது ஆளுக்கு ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் கொடுத்து அனுப்பினார்கள். அந்த மிட்டாய்க்கு மறு வருடம் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோதும் எனக்கு அந்தப் பலகைச் சத்தம்தான் கேட்டது.

ரைட் இன், முன்னாள் கல்லூரி அணி:

ஸ்டிக்கைப் படுக்கப் போடச் சொன்ன பெரியவரைப் பற்றிப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கும் சென்னை எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் இப்படித்தான் நடந்தது. நாங்கள் எல்லோரும் சாதாரண ஓட்ட ஷூவில் போயிருந்தோம். நனைந்த டர்ஃபில் திரும்பும்போதெல்லாம் சறுக்கியது, முழங்கை உரிந்து எரிந்தது. பாதி ஆட்டத்தில் எதிரணியின் மாற்று ஆட்டக்காரி ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, உங்க சைஸ் என்ன?" என்று கேட்டாள். தன் டர்ஃப் ஷூவைக் கழற்றிக் கொடுத்தாள். அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் அவர்கள் அணிக்கு எதிராக ஒரு கோல் அடித்தேன். 4-1 என்று தோற்றோம். அந்தப் பெண் வெறுங்காலோடு பெஞ்சில் உட்கார்ந்து என் கோலுக்கும் கைதட்டினாள்.

கோவில்பட்டியிலிருந்து:

அண்ணாச்சி, அந்த ஆட்டம் எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் அந்தக் காலரியில் நானும் பல ஞாயிறு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஹாக்கி பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் ஆடியவர்கள். தப்பாக ஸ்டிக் பிடித்தால் அவர்களால் சும்மா இருக்க முடியாது, எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

2022 மே மாதம் இங்கே ஜூனியர் தேசியப் போட்டி நடந்தது. அதே நாட்களில் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. எங்கள் ஊர் மாரீஸ்வரனும், இங்கே பயிற்சி எடுத்த அரியலூர் கார்த்தியும் இந்திய அணியில் இருந்தார்கள். பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி கோல் அடித்தபோது இங்கே போட்ட சத்தம் கொஞ்சமல்ல. கடைசி நிமிடங்களில் பாகிஸ்தான் சமன் செய்து 1-1 ஆனதும் அப்படியே அடங்கிப்போனோம். கடைசி நேரத்தில் கோல் வாங்குகிற வலி எங்களுக்கும் தெரியும்.

கோல்கீப்பர், திண்டுக்கல்:

மாப்ள, நீ இதை இத்தனை வருசமாக மனசில் வைத்திருப்பது எனக்குத் தெரியாது. வேனில் திண்டுக்கல் வரைக்கும் நீ பேசவே இல்லை. தூங்குகிறாய் என்று நினைத்து நானும் எழுப்பவில்லை.

அந்தப் பந்து நீ ஸ்டிக் வைத்த இடத்துக்குத்தான் வந்தது. நான் இடது பக்கம் விழுந்து காலை நீட்டினேன். என் கிக்கர் (பாதக் கவசம்) ஓரத்தில் உரசி, ஒரு சாண் திரும்பியது. காலில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் காலை நீட்டாமல் இருந்திருந்தால் நீ தடுத்திருப்பாய். எல்லோரும் எனக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த நேரத்தில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் சொல்லலாம் என்று விட்டது, அப்படியே போய்விட்டது. மன்னித்துக்கொள்.

லெஃப்ட் ஹாஃப், திண்டுக்கல்:

உரசியதா?

இதை இரண்டு தடவை படித்துவிட்டேன் மாப்ள. வீட்டில் காட்டினேன், அவளும் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வா. நீ கோலில் நில், நான் இடது கம்பத்தில் நிற்கிறேன். பையன்களை விட்டு அதே பக்கம் பத்துப் பந்து போடச் சொல்லலாம்.